விற்றுப்போன பத்திரிகையில் வராத மரண அறிவித்தல்

1. முதல் நாள்

கோல் சென்டரில் சேர்ந்த முதல் நாள், போனை எப்படி எடுப்பது என்று சொல்லித் தருவார்கள் என நினைத்துக்கொண்டு போனேன். அவர்கள் எடுத்தது சரித்திர வகுப்பு. அமெரிக்காவில் ஓர் அச்சுக்காரர் சின்ன ஊர் ஒன்றில் பத்திரிகை தொடங்கினார். பக்கத்து ஊர்ப் பத்திரிகை நொடித்தபோது அதையும் வாங்கினார். மகன் வானொலி லைசென்ஸ் எடுத்தார், பேரன் காலத்தில் தொலைக்காட்சி நிலையங்கள் வந்தன. இப்படிப் பெருத்த கம்பனிதான் எங்கள் கிளையண்ட். அதன் பத்திரிகைகளுக்கு வரும் சிறு விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் போனில் கேட்டு எழுதி அனுப்புவது, மொன்றியலில் இருந்த எங்கள் வேலை.

ஆளுக்கொரு தடித்த ஃபைல் தந்தார்கள். எந்த மாநிலத்தில் எந்தப் பத்திரிகை, எந்த ஊரில் வானொலி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஊருக்கொரு பக்கம். ஒரே ஊரில் பத்திரிகையும் ஒலிபரப்பும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டாம். விதி வர முன்பே வைத்திருந்ததால் எங்கள் கிளையண்டுக்குச் சில ஊர்களில் விலக்கு. இதையெல்லாம் மரண அறிவித்தல் எழுதப்போகிற நான் எதற்குப் பாடமாக்க வேண்டும் என்று மேனேஜர் லுக்கிடம் கேட்டேன். நீ பக்கத்துத் தெருவில் இருக்கிறாய் என்று கூப்பிடுகிறவர் நம்ப வேண்டும், அதற்குத்தான் என்றார். மொன்றியல் என்ற சொல் வாயில் வரவே கூடாது. யாராவது காலநிலையைப் பற்றிக் கதைத்தால், திரையில் அந்த ஊர்க் காலநிலையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பார்க் மெட்ரோ நிலையத்துக்கு முழங்கால் பனியில் நடந்து வந்தவள், வந்த கையோடு தெற்கு மாநிலத்து மனிதர் ஒருவரிடம் 'சரியான வெக்கை, என்ன?' என்று சொல்லியிருக்கிறேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

2. கைமாறிய வெள்ளிக்கிழமை

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அந்தக் குடும்பத்தின் வாரிசுகளுக்குப் பத்திரிகை கசந்துவிட்டது. தேர்தல் வந்தால் தொலைக்காட்சிக்கு விளம்பரம் கொட்டும், பத்திரிகைக்கு என்ன கொட்டும் என்பது அவர்கள் கணக்கு. பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வேறு கம்பனிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சி நிலையங்களை வாங்கத் தொடங்கினார்கள். ஒன்று போகும்போதெல்லாம் லுக் எங்கள் ஃபைல்களிலிருந்து ஒரு பக்கத்தை உருவிக்கொண்டு போவார். கூடவே கேக் வெட்டுவார். எங்கள் வேலை ஒரு சுற்றுக் குறைந்ததற்கு நாங்களே கைதட்டிக் கேக் தின்றோம்.

ஒரு மார்ச் மாதம் சோளம் விளையும் மாவட்டம் ஒன்றின் பத்திரிகை கைமாறியது. ஊர் வானொலி மட்டும் பழைய கம்பனியிடமே நின்றது. வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு பத்திரிகை எங்களுடையது அல்ல. போன் லைனை மட்டும் திங்கட்கிழமை மாற்றுவதாக இருந்தார்கள். நடுவில் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இருப்பதை இரண்டு கம்பனியிலும் ஒருவரும் யோசிக்கவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை

அன்று நான்தான் சூப்பர்வைசர். காலையில் வந்த முதல் போன்களில் ஒன்று டோரிஸ் என்ற அம்மாவுடையது. அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவில் நிற்பது நம் பேச்சில்தான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"பேப்பரை நாலு தரம் பிரிச்சுப் பாத்திட்டன் பிள்ளை. அவற்ர பேர் இல்லை. நாளைக்குப் பதினொரு மணிக்கு அவரை அடக்கம் செய்யப்போறம். நேரம் ஊரில ஒருத்தருக்கும் தெரியாது."

கணவர் ஹெரல்ட், மாவட்டத்துத் தானியக் களஞ்சியத்தில் தானிய லொறிகளை எடை போட்டு விடுகிற வேலை பார்த்தவர். அறுவடைக்கு வருகிற கமக்காரர் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர்களைத் தெரிந்தது அவருக்குத்தான், மனைவிக்கு அல்ல. வீட்டில் அவர்களுடைய தொலைபேசி இலக்கங்கள் இல்லை. மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கும் பண்ணைகள். பிள்ளைகளும் இல்லை. வெள்ளிக்கிழமை கொடுத்த அறிவித்தலை நம்பிப் பாதிரியாரிடம் நேரத்தைக் குறித்துவிட்டு டோரிஸ் இருந்திருக்கிறார்.

திரையில் தேடினேன். அறிவித்தல் பென்டிங்கில் கிடந்தது, அதாவது எழுதி முடித்து அனுப்பப்படாத பகுதியில். அதை எழுதியவர் தேவண்ணை. கொழும்பில் வங்கியில் இருந்தவர், எங்களில் மூத்தவர், ஒரு முற்றுப்புள்ளியைக்கூடத் தவறவிடாத மனிதர். கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"நான் வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் வடிவா எழுதித்தான் போட்டனான் தங்கச்சி. இப்ப பேப்பரின்ர பேரையே காணேல்லை."

அவர் பிழை ஒன்றுமில்லை. நள்ளிரவில் கணினியிலிருந்து பத்திரிகையின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஞாயிறு இதழுக்குப் போக வேண்டிய அறிவித்தல், போக இடமில்லாமல் நின்றுவிட்டது.

புதிய முதலாளியின் அலுவலகத்துக்கு அடித்தேன். திங்கள் காலை கூப்பிடுங்கள் என்று இயந்திரம் சொன்னது. கூப்பிட்டும் பயனில்லை, அந்தப் பத்திரிகைக்குத் திங்கள் இதழே கிடையாது. பத்திரிகையின் இணையத்தளமும் கைமாறும் வேலையில் மூடிக் கிடந்தது. லுக்கைப் பிடித்தேன். அவர் லோரன்சியன் மலைப் பக்கம் தன் விடுமுறை வீட்டில் இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்குப் புதிய கம்பனியின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வை என்றார்.

"பிலோமினா, பேப்பர் எங்கட கையை விட்டுப் போயிட்டுது. அதோட அந்த அம்மாவும். எங்கட கொன்ட்ராக்ட் அடுத்த மாதம் புதுப்பிக்க வருது. கிளறாதை."

எனக்கு வந்த கோபத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் தொண்டையில் வந்து நின்றன. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கொன்ட்ராக்ட் போனால் என்னோடு தேவண்ணையும், அந்தத் தளத்தில் இருந்த எல்லாரும் வீட்டுக்குத்தான். அதில் பாதிப்பேர் எங்கள் தேவாலயத்து ஆட்கள், நான் கைகாட்டி வேலைக்கு வந்தவர்கள். போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். டோரிஸ் இன்னும் லைனில் காத்திருந்தார், அந்தச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

தேவண்ணைதான் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்.

"எங்கட ஊரெண்டா ரேடியோவில சொல்லுவினம்."

ஃபைலைத் திறந்தேன். பத்திரிகையின் பக்கத்தை லுக் உருவியிருந்தார். வானொலியின் பக்கம் அப்படியே இருந்தது.

4. சூறாவளிக்கு மட்டும்

வானொலி நிலையத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே ஆள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேறு மாநிலத்தில் இருந்த ஒரு கணினிதான் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தின் அடியில் அவசரத்துக்கு என்று ஒரு வீட்டு இலக்கம் இருந்தது. ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், பெயர் கென். அடித்தேன். விஷயத்தைச் சொல்லி, நிலையத்துக்குப் போய் இதை வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

"சூறாவளி, வெள்ளம், பனிப்புயல். இதுகளுக்கு மட்டும்தான் நான் பாட்டுக்கு நடுவில புகுந்து பேசலாம். வேற எதுக்கும் கை வைச்சால் என்ர வேலை போகும்."

எனக்கும் அதே நிலைமைதான் என்று சொன்னேன். தேவண்ணை பக்கத்தில் நின்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கென் பேச்சை முடிக்கப்போகிற குரலில், செத்தது யார் என்று கேட்டார். அதுவரை நான் பெயரே சொல்லியிருக்கவில்லை. ஹெரல்ட், களஞ்சியத்தில் லொறி நிறுக்கிறவர் என்றேன்.

மறுபக்கத்தில் பேப்பர் சரசரத்தது.

"விடிஞ்சதில இருந்து நானும் பேப்பரைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறன்," என்றார். "எத்தினை மணிக்கு அடக்கம் எண்டு பாக்க."

நிலையத்துக்குப் போனதும் தானே கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். டோரிஸிடம் வானொலியைப் போட்டுவிட்டு இருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் உறுதி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கென் கூப்பிடும் வரைக்கும் நான் எந்தக் கோலையும் ஒழுங்காக எடுக்கவில்லை. பழைய சோபா விற்க விளம்பரம் கொடுக்கக் கூப்பிட்ட ஒருவரிடம் நல்லடக்கம் எப்போது என்று கேட்டுவிட்டேன்.

கென் கூப்பிட்டபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இதற்கு முன் காற்றின் வேகத்தைத் தவிர வேறொன்றும் ஒலிவாங்கியில் வாசித்ததில்லை என்றார். பெயர், ஊர், யாருடைய கணவர், என்ன வேலை, பிறகு நாள், நேரம், தேவாலயம் என்று நம் மரண அறிவித்தல் ஒழுங்கில் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒரு முறை வாசித்தால் போதாது, மறுபடி வாசியுங்கள் என்றேன். முதல் தரம் கேட்கும்போது ஆள் செத்ததுதான் மனதில் ஏறும், இரண்டாம் தரம்தான் நேரம் ஏறும். இது எனக்குத் தெரிந்தது கோல் சென்டரில் அல்ல, மன்னாரில். வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் எங்கள் வீட்டில் கரண்டிச் சத்தம்கூட நிற்கும், அப்படியிருந்தும் நேரத்தைத் தவறவிட்டு அடுத்த அறிவித்தலுக்காகக் காத்திருப்போம்.

கென் போனை வைக்காமல் மேசையில் விட்டார். ஏதோ ஒரு பாட்டு நடுவில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். தேவாலயத்தின் பெயரில் ஒரு முறை தடக்குப்பட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நம் ஆட்கள் எல்லாரும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழும்பி நிற்கிறார்கள். தேவண்ணை சிலுவை போட்டுக்கொண்டார், அவர் சைவ சமயக்காரர்.

மாலையிலும் ஒருக்கால் வாசிக்கிறேன், கம்பனி கேட்டால் பனிப்புயல் என்று சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன் என்றார் கென்.

5. திங்கட்கிழமை

காலை முழுவதும் என் கண் மணிக்கூட்டில்தான். பதினொன்று கடந்தது. ஒரு செய்தியும் இல்லை. அதற்குள் லுக் தன் அறைக்குக் கூப்பிட்டார். அனுமதியில்லாமல் ஒலிபரப்பை நிறுத்தியதற்குக் கிளையண்ட் விளக்கம் கேட்டிருந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் அவசரநிலை என்ன என்று இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதுங்கள் என்றேன். லுக் அப்படியே எழுதினார். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். கொன்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டதா என்றால், ஆம், ஒரு வருடத்துக்கு. அதற்குள் மிச்சப் பத்திரிகைகளும் விற்றுப்போயின. கடைசிக் கேக்கை நாங்கள் தொடவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கம்பனி கைமாறும்போது கட்டடத்தையும் இயந்திரத்தையும் பெயரையும் எண்ணி ஒப்படைக்க ஆட்கள் இருப்பார்கள். நம்மை நம்பி ஒருவர் சொல்லிவிட்டுப் போனதை ஒப்படைக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். அன்று பென்டிங்கைத் திறந்து பார்க்காமல் வீட்டுக்குப் போகக் குளிர்கோட்டை மாட்டாதீர்கள்.

பின்னேரம் டோரிஸ் கூப்பிட்டார். லைன் அதற்குள் மாறியிருக்க வேண்டும். நல்ல காலம், அதையும் மறந்திருந்தார்கள். ஆட்கள் வந்தார்களா என்று நான் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"தேவாலயத்தில இடம் காணாமல் வெளியில நிண்டவை. தெருவோரம் முழுக்க லொறி. எல்லாரும் ரேடியோவில கேட்டதெண்டு சொன்னவை."

பிறகு, நன்றி சொல்லி ஓர் அட்டை அனுப்ப வேண்டும், உங்கள் அலுவலகம் எந்தத் தெருவில் என்று கேட்டார். முதல் நாளே பாடமாக்கிய பதில் என்னிடம் தயாராக இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. அம்மா, நான் இருப்பது கனடாவில், மொன்றியலில் என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார்.

"ரேடியோ அவ்வளவு தூரத்துக்கும் கேட்டதே?"

ஓம் அம்மா, கேட்டது என்றேன். எல்லாரும் எழும்பி நின்றோம் என்றும் சொன்னேன்.