சந்திரகலாவின் சீட்டும் மாமன் வெற்றிலையும்

என் தங்கை ராஜாம்பாளைக் கிருஷ்ணசாமிக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்தே எனக்கும் அவனுக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'கலியபெருமாள் ஒருதலையாகப் பேசுகிறான்' என்று யாரும் குறை சொல்லக் கூடாது. நான் ஒருதலையாகத்தான் பேசப் போகிறேன்.

நான் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறவன். அவன் கோர்ட்டில் பிரெஞ்சு எழுதுகிற குமாஸ்தா. அக்கினி வெயிலிலும் கோட்டும் டையும் இல்லாமல் வெளியே வரமாட்டான். என் கடைப் பக்கம் வர நேர்ந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வான். அவன் வீட்டுக் குழம்பில் கிடந்தது என் கடை வெங்காயம்தான், அதுவும் ஓசி. அதற்கு மட்டும் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அவனோடு கோர்ட்டில் இருந்தவர்களெல்லாம் சத்தமில்லாமல் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றினார்கள். அவனுக்கு ஒரே மகள், சந்திரகலா, அப்போது பன்னிரண்டு வயது. நானும் போய்ச் சொன்னேன்.

"மாப்ள, இனிமே எல்லாம் மெட்ராஸ் பட்டணத்து வழிதான். பொண்ண இங்கிலீஷ்ல போடுங்க."

"மச்சான், நீங்க மூட்டைய எண்ணுங்க. படிப்ப நான் பாத்துக்கறேன்" என்றான். தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். சந்திரகலா பிரெஞ்சுப் பள்ளியிலேயே இருந்தாள்.

அவளுக்குப் பல் டாக்டர் ஆசை வந்த கதையும் எரிச்சலூட்டுகிற கதைதான். ஐம்பத்தாறில் ராஜாம்பாளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. ஊரில் பல் பார்க்கிறவர் லூசியன். சைகோன் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வந்த கிழவர். ஆனால் ஆம்பளை எதிரில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார மாட்டேன் என்று ராஜாம்பாள் அடம்பிடித்தாள். அவள் மட்டுமா? எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் எல்லோரும் அப்படித்தான். கிராம்பை வைத்து அடக்குவார்கள், முந்தானையால் வாயைப் பொத்துவார்கள், பல் தானாக விழுகிறவரை காத்திருப்பார்கள். ராஜாம்பாள் காத்திருந்தாள். சீழ் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிழைத்ததே பெரிது.

பல் டாக்டராகத்தான் ஆவேன் என்றாள் சந்திரகலா. "பொம்பளைங்களுக்குப் பொம்பளை பாத்தா வாயத் தொறப்பாங்க இல்ல?" இதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? அப்போதிலிருந்து அவள் வேறு பேச்சே பேசவில்லை.

அறுபதில் அந்தப் பிரெஞ்சுப் பெரிய பரீட்சையை, பக்கலோரெயாவை, பாராட்டுடன் தேறினாள். அந்த வருஷம் ஊரில் அவளுக்கு மேல் மார்க்கு வாங்கினவர்கள் இல்லை. இருபதுக்குப் பதின்மூன்று. கிருஷ்ணசாமி மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். பட்டணத்தில் பல் டாக்டர் காலேஜுக்கு மனுப் போட்டார்கள். பி.யூ.சி., அதாவது காலேஜுக்கு முந்தின ஒரு வருஷப் படிப்பு, அல்லது அதற்குச் சமமான படிப்பு வேண்டும், விஞ்ஞானப் பாடங்கள் மூன்றும் இருக்க வேண்டும், வயது பதினேழு ஆகியிருக்க வேண்டும். எல்லாம் இருந்தது. அதற்கு மேல் மார்க்கு வரிசை, கடைசியில் நேரில் பார்த்துப் பேசுவது.

பிரெஞ்சுப் பள்ளியின் பெரிய டீச்சர், வெள்ளைக்கார அம்மாள், நல்லவள். அவளே கூப்பிட்டுச் சொன்னாளாம்: "எங்கள் மார்க்கு வேறு, அவர்கள் மார்க்கு வேறு. எங்களிடம் பதின்மூன்று என்றால் முதல் தரம். இதை விளக்கி ஒரு கடிதம் தருகிறேன், கூட வையுங்கள்." கிருஷ்ணசாமி வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான். பிரெஞ்சு சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்துக்குச் சிபாரிசு வாங்குவது பிச்சை எடுப்பதற்குச் சமமாம். பாராட்டு என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் பட்டணத்துக்காரர்கள் எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தான்.

நானும் கூடப் போனேன். பெண்ணை மட்டும்தான் கூப்பிட்டார்கள். இவன் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு தானும் உள்ளே நுழைந்துவிட்டான். நான் வெளியே நின்றேன், கதவு திறந்தே இருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இருபதுக்குப் பதிமூணு. நூத்துக்கு அறுபத்தஞ்சு" என்றார், மரியாதையாகத்தான். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் எண்பது, எண்பத்தைந்து வைத்திருந்தார்கள். சந்திரகலா இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி விளக்க வாயெடுத்தாள். அதற்குள் கிருஷ்ணசாமி பிரெஞ்சில் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டான். பிரான்சின் பெருமை, பரீட்சையின் பெருமை, தன் உத்தியோகப் பெருமை. அங்கே இருந்த ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் சந்திரகலா அப்பனைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குன்னு இருந்தது அஞ்சு நிமிஷம். அதையும் நீங்களே பேசிட்டீங்கப்பா."

"அவனுங்களுக்கு ஒன்னும் தெரியல" என்றான் அவன். திரும்புகிற பஸ்ஸில் அவள் அப்பனை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும்தான். என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் என்ன சொல்ல நினைத்தேன் என்று.

சீட்டு இல்லை என்று காகிதம் வந்தது. அப்புறம் வேறு வழி தேடினோம். தேடினோம் என்றால், அவளும் நானும்.

முதலில் லூசியனிடம் போனோம். "உங்களுக்கு எந்தக் காலேஜ் சீட்டு குடுத்துது? இவளையும் ஒங்ககிட்ட வெச்சுக் கத்துக் குடுங்க" என்று கேட்டேன்.

கிழவர் சிரித்தார், நல்ல சிரிப்பில்லை. "முசே கலியபெருமாள், அந்தக் கதவ மூடிட்டான். சட்டம் வர்றதுக்கு முன்னால கொறடு புடிச்சவனுக்குத்தான் அந்த வழி. இனிமே படிக்காதவ பல் புடுங்கினா போலீஸ்தான் வரும். எங்கிட்ட பத்து வருஷம் இருந்தாலும் இவ கொறடு கழுவுற பொண்ணுதான்." உண்மையைச் சொன்னார் என்பதற்காக அவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதை எச்சில் துப்புகிற மாதிரி சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பிரான்ஸ். அங்கே இந்த மார்க்கு செல்லும், கேள்வியே இல்லை. கிருஷ்ணசாமியும் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'மகளைப் பாரீசுக்கு அனுப்பறேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கொடி இறங்கியதும் கப்பலேறிப் போன பழைய ஜட்ஜ் ஒருவர் அவளைப் பார்த்துக்கொள்வாராம். அவருக்கு எழுதிப் போட்டான். பதில் இல்லை. மறுபடி எழுதினான். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. அந்த ஜட்ஜுக்கு இவன் முகம்கூட ஞாபகம் இருந்திருக்காது.

மூன்றாவது வழிதான் நேர் வழி. சந்திரகலாவே கண்டுபிடித்தாள். பட்டணத்தில் பெண்கள் காலேஜில் விடுதியில் தங்கி ஒரு வருஷம் பி.யூ.சி.யை இங்கிலீஷில் முதலிலிருந்து படிப்பது. அந்த மார்க்கோடு மறுபடி மனுப் போடுவது. தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார வேண்டும், அவளுக்கு அதில் வெட்கமில்லை. அப்பன் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவன் போடவில்லை. "பக்கலோரெயா முடிச்சவ பி.யூ.சி. படிக்கறதா? என் படிப்பே குப்பைன்னு நீயே ஊருக்குச் சொல்றியா?" என்று கத்தினான். ஆமாம் என்று நான் சொல்லியிருப்பேன். ராஜாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறுபத்தொன்று வைகாசியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. காலேஜ் திறக்கக் கொஞ்ச நாள்தான் பாக்கி. பந்தி முடிந்து ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் பேச்சை எடுத்தேன், நாலு பேர் எதிரிலாவது அவனுக்குச் சூடு சொரணை வரட்டும் என்று. அவன் எனக்கு மேலே போய்விட்டான்.

"மச்சான் ஏன் இப்படி அலையறாருன்னு எனக்குத் தெரியாதா? பொண்ணப் பட்டணத்துல வருஷக்கணக்கா வெச்சு, வயச ஏத்தி, அப்புறம் மாப்பிள்ளை கெடைக்கலன்னு தன் மவன் தலையில கட்டறதுக்கு. வெங்காயக் கடைக்கு ஒரு டாக்டரு மருமவ!"

என் மகன் அரிகிருஷ்ணன் அவளுக்கு முறைப்பையன். உண்மைதான். ஆனால் சத்தியமாக எனக்கு அந்த நினைப்பே இல்லை. எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பெண்ணை வெளியே கொடுக்க வேண்டுமானால், முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் அப்பன் கையால் தாய்மாமன் வெற்றிலை வாங்க வேண்டும். வாங்கினால் என் வீட்டுக்கு இனி பாத்தியதை இல்லை என்று அர்த்தம். வாங்கினதைத் திருப்ப முடியாது. மாப்பிள்ளையே முடிவாகாமல் யாரும் வாங்கியதில்லை. நான் தட்டைக் கொண்டு வரச் சொன்னேன்.

"குடுங்க மாப்ள, வெத்தலைய. இத்தினி பேர் சாட்சி. எம் மவனுக்கு உங்க பொண்ணு மேல இருந்த முறைய இன்னையோட வுட்டுட்டேன். இப்பப் போடுங்க கையெழுத்து."

அவனுக்கு வேறு சாக்கில்லை. வெற்றிலை கொடுத்தான், மறுநாள் கையெழுத்தும் போட்டான். அவன் மூக்கை உடைத்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அரி மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "யாரக் கேட்டு வாங்கனீங்க?" என்றான். "ஒங்கிட்ட இன்னாடா கேக்கறது?" என்று அதட்டினேன். அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். நானும் அதை மறந்துவிட்டேன். தையில் வில்லியனூரில் அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணத்தையும் முடித்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை.

சந்திரகலா அந்த ஒரு வருஷம் எப்படிப் படித்தாள் என்பதை அவள் விடுதிச் சுவர்தான் சொல்ல வேண்டும். விஞ்ஞானத்தில் தொண்ணூறுக்குப் பக்கம் வாங்கினாள். அறுபத்திரண்டு ஆடியில் மறுபடி நேரில் கூப்பிட்டார்கள். இந்த முறை அப்பனை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நான் போனேன், வெளியிலேயே நின்றேன். கதவு சாத்தியிருந்தது. ரொம்ப நேரம் பேசினார்கள். அடுத்த வாரமே சீட்டு வந்துவிட்டது. கிருஷ்ணசாமி வெட்கமில்லாமல் 'எல்லாம் பக்கலோரெயா போட்ட அஸ்திவாரம்' என்று ஊரெல்லாம் சொன்னான்.

காலேஜில் சேர்த்துவிட நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பேரைப் பதிந்து, விடுதியில் அறை கொடுத்து, எல்லாம் முடிந்தது. பெட்டியை இறக்கி வைத்தேன். நாலு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது? நன்றியை எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

"நான் மட்டும் வெத்தல வாங்கலன்னா இன்னிக்கு நீ இங்க இல்ல" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "சீட்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன் மாமா. இப்பச் சொல்றேன். நானும் அரியும் பேசி வெச்சிருந்தோம். படிப்பு முடியற வரைக்கும் காத்திருக்கறன்னு சொன்னான். நீங்க அப்பாவுக்குப் போட்டியா வெத்தலைய வாங்கிட்டு வந்தீங்க."

"இத அன்னிக்கே ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"சொன்னா? அப்பா காதுகுத்துல சொன்னது சரின்னு ஆயிடும். கையெழுத்து போயிடும். அரிதான் சொல்ல வேண்டாம்னான். நீ மொதல்ல படிக்கப் போன்னான்." பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பா என் பேச்ச எடுத்துக்கிட்டாரு. நீங்க என்னையே எடுத்து வெங்காய மூட்ட மாதிரி கைமாத்திட்டீங்க. ரெண்டு பேருல ஒருத்தராவது எங்கிட்ட கேட்டீங்களா?"

என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான் மறுபடி சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

"கெளம்புங்க மாமா. ஊருக்குப் போனா அரிகிட்ட சீட்டு கெடச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் சொல்லாதீங்க" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் சொன்னேன். அரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி, மூன்று மாதக் கர்ப்பிணி, பரிமாறிக்கொண்டிருந்தாள். "கெடச்சிடுச்சா? சரி" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு காரம் என்று அவளிடம் சிடுசிடுத்தான். அந்தப் பெண் பாவம், குழம்பை வாயில் வைத்துப் பார்த்து, "காரமே இல்லையே மாமா" என்று என்னைக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அடிப்பது என்றே தெரியவில்லை.