குடும்பத்துக்கு ஒரு கை

நேற்று ரவுண்ட் ராக் நூலகத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். போட்டதற்கு அடையாளமாக ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். சட்டையில் ஒட்டிக்கொண்டபோது அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறி, முன்பு குடியிருந்த ரிச்சர்ட்சன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல ஞாபகம் இல்லை.

அங்கே நாங்கள் இருந்த காலத்தில் தமிழ்ச் சங்க விழா என்றால் வாசலிலேயே பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். என்னுடையதில் 'மிஸஸ் சேகர்' என்றிருக்கும். என் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, இரண்டு கையிலும் புளியோதரை ட்ரே இருக்கும்போது பெயராவது ஒன்றாவது.

சங்கத் தலைவர் பாஸ்கர் அங்கிள். சிட்டிசன்ஷிப் தேர்வுக்குப் படித்ததைத் தேர்வு முடிந்த பிறகும் மறக்காத மனிதர். பொங்கல் விழாவில் மைக் கிடைத்தால் போதும், பிள்ளைகளை உட்காரவைத்து மன்னராட்சி, சர்வாதிகாரம், மக்களாட்சி என்று பாடம் எடுப்பார். "டெமாக்ரசினா என்ன? எல்லார் வாய்ஸும் கவுண்ட் ஆகணும், கண்ணுங்களா!" பிள்ளைகள் "கேன் வி கோ ப்ளே நவ்?" என்று கேட்கும். அந்த ஹாலில் தெளிவாக யோசித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இந்த மக்களாட்சிக் காவலரின் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. சந்தா யார் பெயரிலோ அவர்தான் கை தூக்கலாம். யார் பெயரில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? எல்லோரும் டாக்டர்கள், இன்ஜினியர்கள். இந்திய அரசியல் என்று ஆரம்பித்தால் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர்கள். ஒருவருக்கும் இது உறுத்தவில்லை. படித்த கூமுட்டைகள்.

ஒரு வருடம் கோகிலாக்கா தலைவர் பதவிக்கு நின்றார். ஊரில் டீச்சராக இருந்தவர். இங்கே விசா அவரை வேலைக்கு விடவில்லை. சங்கம் ஒன்றுதான் அவருக்கு இருந்தது. ஹால் பிடிப்பது, சமையலுக்குச் சொல்வது, பிள்ளைகளின் நாடகம் எல்லாம் வருடக்கணக்காக அவர் வேலை. பாஸ்கர் அங்கிளின் வேலை நன்றியுரை. "ஒரு தடவையாவது நான் நெனச்ச மாதிரி நடத்திப் பாக்கணும்டி" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

தேர்தலன்று சாப்பாடு முடிந்து பொதுக்கூட்டம் தொடங்கியது. நாங்கள் பெண்கள் பாயசக் கிண்ணங்களோடு கதவோரம் நின்றோம். என் ஓட்டுக்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன்: கை தூக்காவிட்டால் ஒரு மாதம் சமையல் கிடையாது என்று முதல் நாளே என் கணவர் சேகரிடம் சொல்லிவிட்டேன். வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவதுதான், வேறென்ன. கோகிலாக்காவுக்கு என்றதும் சேகர் கை தூக்கினார். இன்னும் சிலர் கூரையைப் பார்த்தபடி தூக்கினார்கள். அக்காவின் கணவர் ரகுவின் கை மட்டும் எழவில்லை. பாஸ்கர் அங்கிளுக்கு என்றதும் எழுந்தது.

அக்கா முன்னால் வந்தார். "அங்கிள், எனக்கு நானே ஓட்டுப் போட முடியலையே. என் ஓட்டு எங்க?"

அங்கிள் சிரித்தார். "அதான் ரகு போட்டுட்டாரேம்மா."

ஹாலே சிரித்தது. ரகுவும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பார்க்கிங்கில் அவர் அக்காவிடம் சொன்ன சமாதானமும் என் காதில் விழுந்தது. "நீ ஜெயிச்சா வீக்கெண்டெல்லாம் இங்கயே கெடப்ப. பசங்கள யாரு பாக்கறது? உன் நல்லதுக்குத்தான் போட்டேன்." எல்லா ராஜாக்களும் இதைத்தானே சொன்னார்கள்! அக்கா காலி ட்ரேக்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அவர்கள் கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளின் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் சங்கம் உண்டு. அக்கா எட்டிப் பார்ப்பதில்லை. போனில் கேட்டால் "போதும்டி" என்பார்.

ரிச்சர்ட்சனில் அந்த விதியைப் பிறகு மாற்றினார்கள். இப்போது பதினெட்டு வயதான எல்லோருக்கும் ஓட்டு, பெண்களுக்கும் சேர்த்து. தான் போராடிக் கொண்டுவந்த சீர்திருத்தம் என்று பாஸ்கர் அங்கிள் விழா மலரில் எழுதியிருக்கிறார். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியதாம். போட்டி என்று வந்தால் மனக்கசப்பு வருகிறது, அதனால் இனி பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தலைவரை முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் ஓட்டு வந்த அன்றே தேர்தல் போய்விட்டது.