கணக்கில் வராத ஷிப்ட்

டிரஸ்ஸர் ஐயா வரைந்த அந்தத் தாளை நினைத்தாலே இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கட்டம் கட்டமாகச் சுரங்கத்துக் கூலி லைனின் தட்டிக் குடிசைகள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று ஆளுக்கு மூன்று புள்ளி. அம்மை குத்திக்கொண்டவனுக்கு மட்டும் சிவப்பு மை. எந்தக் கட்டத்திலும் ஒரு சிவப்புக்கு மேல் இல்லை. ஆஸ்பத்திரியில் புண் கட்டுவது அவர் வேலை. நான் அங்கே ரைட்டர். அந்த வருஷம் பங்காருபேட்டைப் பக்கம் பெரியம்மை கண்டிருந்தது. எங்கள் லைனுக்கு வருமுன் குத்திவிட வேண்டும் என்று உத்தரவு.

எல்லோருக்கும் தேவையில்லை என்று வெள்ளைக்கார டாக்டர் துரை ஒரு கணக்குப் போட்டார். முக்கால்வாசிப் பேருக்குக் குத்திவிட்டால் நோய்க்கு அடுத்த ஆள் கிடைக்காது, தானே அடங்கிவிடும். கணக்கில் தப்பு இருந்ததாக நான் சொல்லமாட்டேன். தலையை எண்ணியதில்தான் தப்பு. எண்ணப் போனது காலையில். அந்நேரம் ஒரு ஷிப்ட் சுரங்கத்துக்குள் இருக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்தவன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். கண்ணில் பட்டவர்களையே மொத்த லைன் என்று எழுதி, அதில் முக்கால்வாசிக்குக் குத்தியதும், மீதி அம்மைப்பாலைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

டிரஸ்ஸர் ஐயா தாளோடு போய் நின்றார். "தொரை, ஒரே பாயில மூணு ஷிப்டு ஆளும் மாத்தி மாத்திப் படுக்கறாங்க. ஒருத்தனுக்குக் குத்தி இன்னா பிரயோஜனம்? ஒவ்வொரு தடவ ஷிப்டு மாறச்சொல்ல, ஆள ஏத்தி எறக்குற கேஜ் கிட்ட நின்னா மூணு பேரும் கிடைப்பாங்க."

புண் கட்டுகிறவன் கணக்குப் பேசுகிறானே என்று துரை சிரித்தார். வெட்கங்கெட்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த என் தம்பி, தானும் குத்திக்கொள்ள வேண்டுமா என்று கேட்டான்.

"லைனுக்குப் போதும்னு தொரை கணக்கு போட்டுட்டாரு. நீ போயி தூங்கு" என்றேன்.

நோய் அந்தப் பாய்கள் வழியாகத்தான் வந்தது. தம்பி போய்விட்டான்.

இப்போது கேஜ் வாசலிலேயே ஆட்களை நிறுத்திக் குத்துகிறார்கள். துரையின் ஏற்பாடாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தம்பியைப் புதைத்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்றே அவர் என்னிடம் அறிக்கை சொல்லி எழுதச் சொன்னார்: எண்ணப்பட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை, ஆகவே கணக்கு சரி. செத்தவர்கள் யாரும் எண்ணப்பட்டிருக்கவே இல்லை. அது தெரிந்தும், அவர் சொன்ன வரியை அழகான கையெழுத்தில், ஓர் எழுத்தும் பிசகாமல், நான்தான் எழுதிக் கொடுத்தேன்.