கெண்டைக்குப் பச்சை ஈ

மீஞ்சூரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் மின் பிரிவு முரளி, போன வாரம் ஒரு சின்ன டப்பாவை என் மேசைமேல் திறந்து வைத்தார். ஆன்லைனில் வாங்கியதாம். பன்னிரண்டு அறைகள். அறைக்கு ஒன்றாக, இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் ஒரு தூண்டில் முள்.

"மேடம், நீங்க பழவேற்காடு பக்கம்தானே? ஏரிக் கெண்டை இதுல எதை எடுக்கும்?"

யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் பச்சை ஈயின்மேல் போய் நின்றது. டப்பாவில் பசை வாசனைதான் அடித்தது. எனக்கென்னவோ இறால் தலை வாசனை வந்தது.

எங்கள் ஊரிலிருந்து கடல் தெரியாது. நெல், மாடு, ஓர் ஏரி, அவ்வளவுதான். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவார். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். மீன் பிடிக்கிற இடத்தில் நோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். காய்கறி வாங்கப் போனால்கூட கோடு கிழித்து மூன்று பத்தி போட்டுக்கொண்டு போகிறவள் நான், அப்போதே அப்படித்தான். தேதி, காற்று, இரை, கிடைத்த மீன். மண்புழு, மாவு உருண்டை, சோற்றுப் பருக்கை எல்லாம் நோட்டில் ஏறியிருந்தன. மாசி மாதத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போதுதான் எதுவும் பலிக்காது. கெண்டை மேலே வந்து, விழுந்து கிடக்கும் பூச்சியை வாய் திறந்து உறிஞ்சும். புழுவைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு ஈ வேண்டும். நூலை அமிழ்த்தும் குண்டைக் கழற்றிவிட்டு, சின்ன முள்ளில் ஈயைக் குத்தி மிதக்கவிட வேண்டும். மாட்டுக்கொட்டாயில் அடித்துப் பிடித்தால் நசுங்கிப்போகும். இறக்கை கசங்காத ஈக்கு எங்கே போவது?

பூங்காவனத்திடம் போனேன். ஏழாம் வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுடையது. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். அவள் அம்மா மணலில் மீன் காயப்போட்டு விற்பவர்.

"ஈக்காடி பஞ்சம்? எங்க ஊருக்கு வா, மூஞ்சியெல்லாம் மொய்க்கும். உயிரோட வேணுமா, செத்தது போதுமா?"

"உயிரோட. றெக்கை பிய்யாம."

"அய்ய! உங்க கெண்டைக்கு ரொம்பத்தான் பவுசு."

மறுநாள் மூடியில் துளை போட்ட ஊறுகாய் பாட்டில் வந்தது. உள்ளே மீன் குடல் துணுக்கு, அதைச் சுற்றி ரீங்காரம். சாப்பாட்டுப் பையில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். பதிலுக்கு நான் அவித்த வேர்க்கடலை கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க இதுதான் எங்கள் வியாபாரம்.

ஒரு ஞாயிறு அவளே ஏரிக்கு வந்தாள். அரை மணி உட்கார்ந்ததும் அலுத்துக்கொண்டாள். "ஒரு மீனுக்காடி இத்தினி நேரம்? எங்க நைனா இந்நேரம் ரெண்டு வாட்டி வலைய இழுத்துட்டு வூட்டுக்குப் போயிருப்பாரு." அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டு, மீனெல்லாம் ஓடிவிட்டது என்று அவளையே குற்றம் சொன்னார். அப்புறம் என்ன தோன்றியதோ, பொழுது சாயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

"பாத்தியா? கருப்பு ஈய மோந்துட்டுப் பூடுது. பச்சை ஈயத்தான் முழுங்குது. அடுத்த வாட்டி குடல் வேணாம், எறா தலை போட்டுப் புடிக்கறேன். அதுலதான் பச்சை வந்து குந்தும்."

நான்கு வாரமாகக் குறிப்பு எழுதியவள் நான். எனக்கு அது தெரியவில்லை. இரை என்ற பத்தியில் 'ஈ' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு, கிடைத்த மீன் பத்தியில் முதல்முறையாக இரட்டை இலக்கம் எழுதினேன்.

அதையே அறிவியல் கண்காட்சிக்கு வைத்தோம். தெர்மகோல் அட்டையில் வகைவகையாக ஈக்களைக் குண்டூசியில் குத்தி, கீழே என் கையெழுத்தில் பெயர்கள். தேர்வானால் இரண்டு பேர் திருவள்ளூர் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பூங்காவனம் திருவள்ளூரைப் பார்த்ததில்லை. போட்டுக்கொண்டு போக ஒரு பாவாடையை மடித்து வைத்திருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

வகுப்பில் அட்டையைப் பார்த்த டீச்சர், "இத்தனை ஈயை எங்கேம்மா பிடிச்சே?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "மிஸ், பூங்காவனம் வூட்டாண்ட ஈப் பண்ணையே கீது மிஸ்!"

வகுப்பே சிரித்தது. பூங்காவனம் பாதி எழுந்திருந்தாள்.

"எங்க மாட்டுக்கொட்டாய்ல, மிஸ்" என்றேன் நான்.

அவளைச் சிரிப்பிலிருந்து காப்பாற்றினேன் என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் எழுந்தது பதில் சொல்லத்தான். கூச்சம் என்னுடையது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ஈயும் எங்களுடையது என்றானதும் அட்டை என் ஒருத்தியுடையதாகிவிட்டது. திருவள்ளூருக்கு என்னோடு வேறொருத்தி வந்தாள்.

பள்ளி விட்டதும், "உங்க கொட்டாய்ல பச்சை ஈ ஏதுடி?" என்று கேட்டாள். "இனிமே அங்கியே புடிச்சிக்க" என்று சொல்லி, காலி பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள். கல்லூரி நாட்களில் ஒருமுறை குப்பத்துக்குப் போனேன். அவர்கள் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "கட்டிக் குடுத்துட்டாங்கமா. சூலூர்ப்பேட்டை பக்கம்னு நெனைக்கறேன்" என்றார். நினைப்புதான், நிச்சயமில்லை.

இப்போது எங்கள் ஏரியில் பாதிக்கு மேல் மனைக்கல் நட்டாகிவிட்டது. மிச்சத்தில் ஆகாயத்தாமரை. அப்பா தூண்டிலை எடுப்பதில்லை. குப்பத்தில் மீனை மேடை கட்டி, மேலே வலை போர்த்திக் காயவைக்கிறார்கள். நல்லதுதான், ஈ அவ்வளவாக இல்லை. பரண்மேல் அந்த அட்டை மட்டும் கிடக்கிறது. ஈக்களை எறும்பு எப்போதோ தின்றுவிட்டது. துருப்பிடித்த குண்டூசிகளும் கீழே என் கையெழுத்தும் இருக்கின்றன.

"எப்படி மேடம் பாத்ததும் சொல்றீங்க?" என்றார் முரளி.

"லைட்ஹவுஸ் குப்பத்துல பூங்காவனம்னு ஒரு பொண்ணு கண்டுபிடிச்சது."

"ஓ. இப்ப இன்னா பண்றாங்க?"

"தெரியல" என்றேன். முரளி தலையாட்டிவிட்டு, பச்சை ஈயைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.