அம்மன் போட்ட காசு

எங்கள் வீட்டில் எல்லோரும் களைத்துப்போயிருந்த வருடம் அது. அப்பாவின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது அந்த வருடத்தின் தொடக்கத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, பிறகு கம்பியையும் எடுத்தார்கள். கை மிஞ்சியது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. பிடி வந்ததும் வேலைக்கு வரலாம் என்று கம்பெனியில் மரியாதையாகச் சொன்னார்கள். பிடி வராவிட்டால் வர வேண்டாம் என்பதையும் அதே மரியாதையோடு அதற்குள்ளேயே சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. பார்க்க வந்தவர்களெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பிடி வந்துச்சா?" என்று கேட்பார்கள். அப்பா கையைக் காட்டுவார். வந்தவர் பிஸ்கட் பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தன் பெரியப்பா மகனுக்கு இதே மாதிரி ஆகிச் சரியான கதையை ஆரம்பிப்பார். எத்தனை பேருடைய பெரியப்பா மகன்களுக்குக் கை நசுங்கியிருக்கிறது என்று எனக்கு அந்த வருடம் தெரியவந்தது.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். நாங்கள் இருந்த கள்ளிக்குப்பத்திலிருந்து காலையில் பஸ்ஸில்தான் போவாள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் அரை நாள் சம்பளம் போய்விடும். சாயங்காலம் நேரத்துக்கு யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்பதால் நடந்தே வருவாள். பெண்களுக்குப் பஸ் டிக்கெட் கிடையாது என்று ஆவதற்கு முந்தைய காலம். மினிமம் டிக்கெட் ஐந்து ரூபாய். வந்ததும் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து இரண்டு காலையும் அதில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். அந்த நேரத்தில் அவளிடம் எது கேட்டாலும் "உம்" என்பாள்.

கம்பி எடுத்த வாரம் அம்மா திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மாவின் தம்பி, என் மாமா, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வசூல் பையிலிருந்து ஒரு மஞ்சள் நிற ஐந்து ரூபாயை எடுத்துக் காட்டினார். "அக்கா, இத்தப் பாரேன். அம்மன் படம் போட்ட காசு." வடக்கே ஏதோ மலைமேல் இருக்கிற அம்மனாம். ஊர் வேறாக இருந்தால் என்ன, அம்மன் அம்மன்தானே என்று அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்து, காசை வைத்து முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். விரல் மடங்கிய மறு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் உண்டியலில் போட வேண்டும்.

"முடிஞ்ச காச எடுக்கவும் கூடாது, மாத்தவும் கூடாது" என்றாள் என்னைப் பார்த்து. "எடுத்தா வேண்டுதல் பலிக்காது. தெரிதா?"

எனக்கு நன்றாகவே தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து மாமாவின் போனில் அந்த வீடியோ வருகிறவரை எந்தக் கஷ்டமும் இல்லை.

வீடியோவில் ஒருவர் ஒரு தட்டு நிறையச் சில்லறையைக் கொட்டிவைத்துக்கொண்டு, உங்கள் பாக்கெட்டிலேயே புதையல் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று திட்டுகிற மாதிரிப் பேசினார். அதிலிருந்து மாமா தினமும் வசூல் பையை எங்கள் வீட்டுத் தரையில் கொட்ட ஆரம்பித்தார். என் கண் நல்ல கண் என்று பார்க்கிற வேலையை என்னிடம் விட்டார். வருடத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் ஒரு ஊரில் அடித்த காசு, சின்ன டைமண்ட் இருந்தால் வேறு ஊர், நட்சத்திரம் இருந்தால் இன்னொரு ஊர், ஒன்றுமே இல்லாவிட்டால் அதுவும் ஒரு ஊர். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றுவரை வராது. இது மட்டும் ஒரே வாரத்தில் வந்தது. மாமா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் பொறுக்கிய காசுகளைச் சேர்த்தார். அந்தப் பாட்டில்தான் அவருடைய சொந்த ஆட்டோ, கல்யாணம், வீடு எல்லாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஓடாத குறையாக வந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்பா உள்ளே ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவர் தினம் முந்நூறு முறை அமுக்கச் சொல்லியிருந்தார்.

"பாப்பா, அம்மன் போட்ட அஞ்சு ரூபா வெச்சினு கீறவனுக்கு பத்து லட்சமாம்" என்றார் மாமா மெதுவாக.

"அது சாமிக்கு முடிஞ்சது, மாமா."

"சாமிக்கு காசு தானே வோணும்? வேற அஞ்சு ரூபா வெச்சிட்டா சரியாப்பூடும். பத்து லட்சம் வந்தா உங்க அப்பா கைய பெரிய ஆஸ்பத்திரில காட்லாம் பாப்பா. அந்த ஆத்தாவே தான் வழி காட்டுறா. நான் தொட்டா தப்பு. நீ கொழந்த, உனுக்கு தோஷம் கெடியாது."

தோஷத்தை இவ்வளவு லாகவமாக வேறு யாரும் எனக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி என்று சொன்னதும் எனக்கு மறுக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி முடிச்சை அவிழ்த்தேன். அம்மனை எடுத்துவிட்டு, மாமா கொடுத்த சாதா ஐந்து ரூபாயை உள்ளே வைத்து, அதே மாதிரி முடிந்தேன். இறங்கும்போது என் விரலெல்லாம் மஞ்சள். பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

வீடியோவில் இருந்த நம்பருக்கு மாமா போன் செய்தார். முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பச் சொன்னார்கள். பத்து லட்சத்தில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று மாமா சொன்னதும் போன் கட்டாகிவிட்டது. மாமா அசரவில்லை. பாரிமுனையில் பழைய காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஞாயிறு நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றார். அதுவரை பாக்கெட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று, ஆட்டோவின் முன்பக்கம் ஒட்டியிருந்த குட்டி அம்மன் படத்தின் காலடியில் வைத்தார்.

பத்திரமான இடம்தான். ஆனால் ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருகிறவர்தான் பின்னாலிருப்பவர்களுக்குச் சில்லறை வாங்கிக் கொடுப்பார். அந்தச் சனிக்கிழமை முகூர்த்த நாள், நிற்க நேரமில்லாத கூட்டம். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த யாரோ ஒரு புண்ணியவான், பின்னாலிருந்த யாரோ ஒரு அம்மாவுக்கு, கைக்கு எட்டிய ஐந்து ரூபாயை எடுத்துப் பாக்கி கொடுத்துவிட்டார். உதவிதான் செய்தார். மாமா ஓ.டி.யில் போய்த்தான் பார்த்தார். அம்மன் மட்டும் படத்தில் இருந்தாள்.

மாமா என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தில் பத்து லட்சம் போன வருத்தம்தான் இருந்தது. எனக்கு வேறு பயம். நாளைக்கே அப்பாவின் விரல் மடங்கிவிட்டால்? அம்மா முடிச்சை அவிழ்ப்பாள். உள்ளே சாதா காசு இருக்கும். மாற்றிய காசு பலிக்காது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மடங்கிய விரல் மறுபடி நீண்டுகொள்ளுமோ என்றுகூட நினைத்தேன்.

அதற்கப்புறம் தேடியதுதான் உண்மையான தேடல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாமாவின் பையைக் கொட்டி ஒவ்வொரு ஐந்து ரூபாயையும் திருப்புவேன். புள்ளியும் நட்சத்திரமும் யாருக்கு வேண்டும்? முகம் போட்ட காசு, கட்டடம் போட்ட காசு எல்லாம் வந்தன. முன்பென்றால் பாட்டிலுக்குப் போயிருக்கும். இப்போது திரும்பப் பைக்கே போயின. நான் பயந்துபோயிருந்ததைப் பார்த்து மாமாவும் இரக்கப்பட்டு, மளிகைக் கடைகளில் நோட்டைக் கொடுத்துச் சில்லறை மூட்டைகளை வாங்கி வந்தார். சில்லறை கேட்டுத் திட்டு வாங்கியே பழகிய ஊரில், சில்லறையைத் தா என்று நோட்டோடு வந்த ஆளைக் கடைக்காரர்கள் விடுவார்களா? ஒருவரும் வாங்காமல் தள்ளிய பத்து ரூபாய்க் காசுகளையெல்லாம் மாமா தலையில் கட்டினார்கள். அவற்றைப் பயணிகளிடம் தள்ளப்போய் மாமா வாங்கிய பேச்சு தனிக்கதை.

இனி சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் காலையில் அப்பா பந்தை அமுக்குவதை நான் கதவோரம் நின்று பார்ப்பேன். மோதிரவிரல் கொஞ்சம் வளைந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்கு வேண்டாம், காசு கிடைக்கிறவரை வேண்டாம் என்று அதே சாமி படத்தின் முன்னால் கும்பிட்டேன். அம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள், நான் அதற்கு எதிர் வேண்டுதல் வைத்தேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார், மகள் தன் கைக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று.

ஒரு நாள் அப்பா டம்ளரை வலது கையால் எடுத்தார். டீ நிறைந்த சில்வர் டம்ளர். எடுத்து, நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, பிடி வந்துச்சிங்க, பிடி வந்துச்சி!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில்கூட எட்டிப் பார்த்தார்கள். வர்ற வெள்ளிக்கிழமையே திருவேற்காட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அந்த நிமிடம் டம்ளர் நழுவி விழுந்தது. டீ அப்பாவின் மடியில் கொட்டியது. அம்மா துணி எடுக்கப் போனாள். அப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அப்பாவுக்கு இன்றுவரை இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. இப்போது வானகரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் நம்பரை இடது கையால் எழுதுகிறார். நான் ஒரு கடையில் பில் போடுகிறேன். பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. வருகிறவர்கள் போனைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறார்கள். எப்போதாவது சில்லறை வந்தால் என் கை தானாகவே அதைத் திருப்பிப் பார்க்கிறது. வீட்டுக்குப் போனதும் பேச முடியவில்லை. யார் எது கேட்டாலும் நானும் "உம்" என்கிறேன்.

டம்ளர் விழுந்து சில வாரங்களுக்குப் பிறகு எனக்கு அந்தக் காசு கிடைத்தது. தேடியபோதெல்லாம் கிடைக்காதது, ஜெராக்ஸ் கடையில் மீதி வாங்கியபோது கிடைத்தது. திருப்பிப் பார்த்தால் அம்மன். அதே காசோ, அதே மாதிரி இன்னொன்றோ, எனக்குக் கவலை இல்லை. ஜெராக்ஸ் எடுத்த தாளைக் கடையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா பிசியோவுக்குப் போயிருந்தார். ஸ்டூலில் ஏறி மஞ்சள் முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே நான் வைத்த ஐந்து ரூபாய் இல்லை. ஒரு ஒற்றை ரூபாய் இருந்தது.

யார் எடுத்திருப்பார்கள்? மாமா தோஷத்துக்குப் பயந்து சாமி படத்துப் பக்கமே போனதில்லை. அப்பாவால் முடிச்சை அவிழ்க்கவே முடியாது. அப்படியானால் அம்மன்தான். நான் ஏமாற்றி வைத்த காசை அவள் ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்து எறிந்துவிட்டு எனக்குப் புரியட்டும் என்று ஒரு ரூபாயை வைத்திருக்கிறாள். அதனால்தான் டம்ளர் விழுந்தது. எல்லாம் கணக்காகப் பொருந்தியது.

சாயங்காலம் அம்மா நடந்து வந்து, பக்கெட்டில் காலை வைத்து உட்கார்ந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவின் வீடியோ, நான் மாற்றியது, ஆட்டோவில் போனது, ஜெராக்ஸ் கடை, எல்லாம். அம்மா "உம்", "உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடி நிச்சயம் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னேன்: "நான் சாதா அஞ்சு ரூபா வெச்சேம்மா. இப்போ பாத்தா ஒரு ரூபா கீது. அம்மன் கோச்சிக்கினு மாத்திட்டாம்மா."

அம்மா "உம்" சொல்லவில்லை. பக்கெட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்று நினைத்தேன்.

"கோவமெல்லாம் இல்ல" என்றாள். "எடுத்திருப்பா. ஆத்தாளுக்கு அன்னிக்கு காலைல இன்னா அவசரமோ."

ஒரு அடிகூட விழவில்லை. என்னிடமிருந்து அம்மன் போட்ட காசை வாங்கி, ஈரக் கையோடு மஞ்சள் துணியில் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, பிறகு மூன்றாவதாக ஒரு முடிச்சும் போட்டாள். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் நான் விளையாடப் போய்விட்டேன். அதற்கப்புறம் பல நாள், கணக்கு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, மனிதர்கள் வேண்டி முடிந்து வைத்த காசில் ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு ரூபாயை வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு ஒரு சாமிக்குக் காலங்காலையில் என்ன அவசரம் வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.