முழுமைக்கு எத்தனை புள்ளி

ஆறாம் வகுப்பில் எங்கள் கணித ரீச்சர் பூச்சியத்தைக் கொண்டுவந்து முழுவெண்களோடு சேர்த்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வந்து நிற்பவர்களை விட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்தவரை முதல் கதிரையில் இருத்துவது என்ன நியாயம்? எழுந்து கேட்டும்விட்டேன்.

"ரீச்சர், ஒண்டுமே இல்லாதது எப்பிடி முழுசாகும்?"

"அதில அரை இருக்கோ? கால் இருக்கோ? உடைஞ்ச துண்டு ஏதும் இருக்கோ? இல்லைத்தானே. அப்ப அதுவும் முழுசுதான். இரும்," என்றார் ரீச்சர்.

இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. கண்ட பொருளையெல்லாம் காட்டி, இது முழுசோ இல்லையோ என்று கேட்பதே வேலையாகப் போயிற்று. ஊர்காவற்றுறைக் கரையில் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தபோது, இவ்வளவு ஓட்டை உள்ள வலை எப்படி முழு வலையாகும் என்று கேட்டேன். ஓட்டை இல்லாவிட்டால் அதற்குப் பெயர் சாக்கு என்றார் அப்பா. இருக்க வேண்டிய ஓட்டை இருக்கவேண்டும், இருக்கக்கூடாத ஓட்டை இருக்கக்கூடாது, அவ்வளவுதானாம். அம்மாவிடம் கறி எப்போது முழுசாகும் என்று கேட்டதற்கு, நான் குசினியை விட்டு வெளியே போனவுடன் ஆகிவிடும் என்று பதில் வந்தது.

மிச்சமிருந்தது பக்கத்து வளவில் இருந்த மாமா வீடு. மாமா அம்மாவின் தம்பி. அவருக்கும் மாமிக்கும் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் பிள்ளைகள் இல்லை. அது எனக்கு நல்ல வசதியாக இருந்தது. அந்த வீட்டு அச்சுப்பலகாரத்துக்குப் போட்டியே கிடையாது. மாமியின் மடிக்கும் அப்படித்தான்.

மார்கழி பிறந்தால் மாமாவுக்குப் பாலன் குடில் கட்டுகிற விசர் பிடித்துவிடும். மற்றவர்களுடைய பெத்லகேமில் மலையும் பனியும் இருக்கும். மாமாவின் பெத்லகேமில் இறங்குதுறை இருக்கும், கட்டிவைத்த வள்ளம் இருக்கும், மூன்று ராசாக்களும் கடல் வழியாக வந்து இறங்குவார்கள். இடையர்களில் ஒருவன் ஆட்டுக்குட்டிக்குப் பதிலாகத் தோளில் பாரை மீன் வைத்திருப்பான். கோயிலில் இளைஞர்கள் நடத்திய குடில் போட்டியில் அழகு, புதுமை, முழுமை என்று மூன்றுக்கும் புள்ளி போடுவார்கள். முந்தைய வருடம் அழகிலும் புதுமையிலும் முன்னுக்கு நின்ற மாமா முழுமையில் அடிபட்டுப் போனார். காரணம், தொட்டிலில் பாலன் இல்லை.

இல்லாததற்குக் காரணம் மாமி. அவருடைய வீட்டு வழக்கப்படி, நத்தார் இரவு கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்து வந்த பிறகுதான் பாலன் தொட்டிலுக்கு வருவார். அதுவரை அலுமாரிக்குள், மாமியின் கூறைச் சேலை மடிப்பில் லேஞ்சித் துணியால் சுற்றப்பட்டுக் கிடப்பார். புள்ளி போடுகிறவர்களோ பூசைக்கு முன், பின்னேரமே வந்துவிடுவார்கள். எதிர் ஒழுங்கைக்காரர் பாலனை முதலே கிடத்திப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இஞ்சரும், ஒரு மணித்தியாலம் வைச்சிட்டுத் திருப்பி எடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்று நான் ஆறாம் வகுப்புப் படித்த அந்த வருடம் மாமா கெஞ்சினார்.

"பிறக்காத பிள்ளையை என்னெண்டு கிடத்துறது? காத்திருக்கிறதுக்குத்தானே தொட்டில். அது ஏலாதப்பா," என்றார் மாமி.

மாமா என் பக்கம் திரும்பினார். கையில் யாழ்ப்பாணத்தில் வாங்கிய மின்குமிழ் மாலை. அதிலிருந்து ஒரு குமிழைக் கழற்றினார். முழு மாலையும் அணைந்தது. "பாத்தியோ? ஒண்டு குறைஞ்சா எல்லாம் இருட்டு. இதுதான் முழுமை," என்றார். எனக்குத் தலை சுற்றியது. கணக்குக்கு ஒரு சட்டம், கரண்டுக்கு இன்னொரு சட்டம் என்றால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

நத்தாருக்கு முதல் நாள் மாமி கோயிலுக்குப் பூ சோடிக்கப் போன நேரம் பார்த்து, மாமா என் பொம்மையை இரவல் கேட்டார். பிரான்சிலிருந்து பெரியம்மா அனுப்பியது, பொன்னிற முடியோடு. தந்தேன். பரிசு ஒரு பெரிய சுவர் மணிக்கூடு என்று கேள்விப்பட்டிருந்தேன், எனக்கும் ஆசைதான். மாமா பொம்மையைத் துவாயால் சுற்றித் தொட்டிலில் அமுக்கினார். அது சூசையப்பரைவிடப் பெரிது. பக்கத்தில் முழந்தாளில் இருந்த மாதா கொஞ்சம் பயந்தது போலத் தெரிந்தார்.

புள்ளி போட மூன்று பேர் வந்தார்கள்: ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், சிஸ்டர் ஒருவர், கையில் புள்ளி எழுதுகிற மட்டையோடு ஒரு அண்ணை. இறங்குதுறையைப் பார்த்து வாத்தியார் தலையாட்டினார். பாரை மீனைப் பார்த்து அண்ணை சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. சிஸ்டர் மட்டும் பக்தியோடு குனிந்து, பாலனின் துவாயைச் சரிசெய்ய வயிற்றில் கை வைத்தார்.

பொம்மை கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. பிறகு பிரெஞ்சில் பாடத் தொடங்கியது.

அதை நிறுத்த மாமா வயிற்றில் அமத்தினார். அமத்த அமத்த அது முதலிலிருந்து சிரித்தது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணையின் தோள்கள் குலுங்கின. அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு மாமி வந்தார்.

அவர் ஒருவரையும் ஏசவில்லை. பொம்மையைத் தூக்கி என் கையில் தந்தார். தொட்டிலில் கலைந்து கிடந்த வைக்கோலை உள்ளங்கையால் மெல்லத் தடவிச் சரிசெய்தார். "அவர் இன்னும் பிறக்கேல்லை, சிஸ்டர். பூசை முடிஞ்சுதான் கிடத்துவன்," என்றார்.

அண்ணை மட்டையைப் பார்த்தார். "அப்ப அக்கா, முழுமைக்கு நான் என்ன போடுறது? தொட்டில் வெறுமையாக் கிடக்குதே."

எனக்குப் பொறுக்கவில்லை. "பூச்சியமும் முழுவெண்தான் அண்ணை! வெறுமையா இருந்தா குறை எண்டில்லை. அரை இருந்தாத்தான் குறை, கால் இருந்தாத்தான் குறை. இதில ஒரு குறையும் இல்லை. எங்கட ரீச்சர் சொன்னவ!"

மூவரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மாமி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன புள்ளி போட்டார்கள் என்று சொல்லாமலே அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். "போச்சு, மணிக்கூடு போச்சு," என்று மாமா வள்ளத்தை நிமிர்த்தி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அச்சுப்பலகாரம் கிடைக்கும் என்று ஓடினேன். அவர் அடுப்பை மூட்டவே இல்லை.

"முந்திச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். ரீச்சர் மாதிரியே கையை ஆட்டி, விளக்கமாகச் சொன்னேன்.

"ஒரு குறையும் இல்லையோ?"

"ஒரு குறையும் இல்லை மாமி. புத்தகத்திலயே கிடக்கு."

மாமி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய கண்ணீர் என் உச்சந்தலையில் விழுந்தது. நான் பயந்துபோனேன். பரிசு போன கவலை என்று உடனே விளங்கிவிட்டது.

"அழாதேங்கோ மாமி. எங்கட வீட்டில ரெண்டு மணிக்கூடு கிடக்கு. அம்மாட்டைக் கேட்டு ஒண்டைக் கொண்டு வாறன்."

அதைக் கேட்டதும் மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னும் கூட அழுதார். ஒரு மணிக்கூட்டுக்கா ஒரு ஆள் இவ்வளவு ஆசைப்படுவார் என்று எனக்கு மாமிமேல் பெரிய இரக்கமாக இருந்தது.