மீசைக்காரர் தூங்கிய தூக்கம்

அந்த முடிவெட்டும் கடைக்குப் பெயர்ப் பலகையே தேவையில்லை. கடைக்காரரின் மீசை போதும். மீசைக்காரர் கடை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். மனிதருக்கும் அதில் அப்படியொரு தலைக்கனம்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும் நோய். டாக்டர் காற்று ஊதும் மெஷினும், முகத்தில் மாட்டிக்கொள்ள மாஸ்க்கும் கொடுத்தார். மாட்டினால் மீசைப் பக்கம் காற்று புஸ்ஸென்று கசியும். இருந்த தூக்கமும் போயிற்று. அடுத்த முறை போனபோது, "மாஸ்க் ஒழுங்கா மாட்டுறேன் சார், தூக்கம்தான் வரல" என்று கூசாமல் சொன்னார். மீசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எடுக்கச் சொல்லிவிட்டால்?

டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். "மாஸ்க் மாட்டிக்கிட்டுதான் போடணும். இல்லன்னா மூச்சு நின்னாலும் உடம்பு சட்டுனு முழிச்சுக்காது, ஆபத்து" என்றார். நம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, மாத்திரையை விழுங்கினார், மாஸ்க்கைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மனைவி கேட்டதற்கு, "மாத்திரையே போதும்னுட்டாரு" என்று முடித்துவிட்டார்.

ஒரு நாள் காலை, கடைக்கு வந்த ஒருவரின் தாடையில் நுரை பூசியபடி பெருமையடித்துக்கொண்டிருந்தார். "அடிச்சுப் போட்டாப்ல தூங்குறேன் சார். இடி விழுந்தாலும் தெரியாது."

அப்போதுதான், தையல் கூடத்தில் வேலை பார்க்கும் மீசைக்காரரின் மனைவியை, உடன் வேலை செய்பவள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். தையல் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

பதற்றத்தில் இவருக்கு வாய்தான் முந்தியது. "கண்ணை எங்க வெச்சிருந்தே? தூங்கிக்கிட்டா தைப்பே?"

"ஆமா, தூங்கித்தான் போயிட்டேன்" என்றாள் அவள். "நீங்க மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துடுறீங்க. மூச்சு நின்னா நான் உலுக்கினாதான் திரும்ப வருது. நானும் தூங்கிட்டா யாருங்க உலுக்குறது?"

நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியில் இவரையே பார்த்தார். மீசைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

"மாத்திரையே போதும்னு டாக்டர் சொல்லல. மாஸ்க்கை விடவே கூடாதுன்னாரு. மீசை போயிடுமேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவள் கட்டுப் போட்ட விரலைப் பிடித்தபடி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

வந்தவரை அனுப்பிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து மீசையை வழித்தார். மத்தியானமே டாக்டரிடம் போய் உள்ளதையெல்லாம் கொட்டினார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஸ்க் இல்லாமல் மாத்திரையைத் தொடவே கூடாது என்று கடிந்துகொண்டு, அலமாரியிலிருந்து சின்னதாக வேறொரு மாஸ்க்கை எடுத்தார்.

"இது மூக்குத் துவாரத்துல மட்டும் உட்காரும். மீசை எவ்வளவு பெருசா இருந்தாலும் பரவாயில்ல. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததற்கு அவள் விரலால் விலை கொடுத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, தலைகுனிந்தபடி வீட்டுக்கு வந்தார். அன்று படுக்கும்போது, "இனி மெஷின் பாத்துக்கும், நீ நிம்மதியா தூங்கு" என்றார். அவளும் சரி என்றாள்.

விடிந்து கண் விழித்தபோது மாஸ்க் மூக்கிலேயே இருந்தது. பக்கத்தில் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட விரலைத் தவிர மற்ற விரல்களெல்லாம் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.